ஓர் 'எஸ்' குறைந்த சொல்

2008 தொடக்கத்தில் சுங்கை பூலோவிலிருந்து ஓர் அம்மா என்னைத் தேடி வந்தார். பூச்செடித் தோட்டத்தில் வேலை. கையில் ஒன்பது வயது மகளின் சூரா பெரானாக் (பிறப்புச் சான்றிதழ்). கணவர் மதம் மாறி, பிள்ளையையும் மாற்றிவிட்டார்.

"சட்டத்துல பெத்தவங்கன்னுதானே போட்டிருக்காம்? அப்ப நானும் கையெழுத்துப் போடணும்ல, லாயர்?"

எனக்கு நா எழவில்லை. 18 வயது நிரம்பாதவரின் மதத்தை 'பேரண்ட்' அல்லது 'கார்டியன்' முடிவு செய்வார் என்கிறது மலேசிய அரசமைப்புச் சட்டத்தின் 12(4). 'பேரண்ட்ஸ்' என்றில்லை. 2007 டிசம்பர் 27-இல்தான், சுபாஷினி வழக்கில், அந்த ஒருமையைப் பிடித்துக்கொண்டு கூட்டரசு நீதிமன்றப் பெரும்பான்மை, தாய் தந்தையில் ஒருவர் போதும் என்றிருந்தது.

தமிழில் இந்தச் சிக்கல் பிறந்தே இருக்காது. 'பெற்றோர்' பலர்பால், ஒருமை வேண்டுமென்றால் தாயா தகப்பனா என்று ஆளைச் சொல்லியாக வேண்டும். மலாயில் 'இபு பாப்பா' என்றால் அம்மாவும் அப்பாவும்தான். அந்த அம்மா சொன்ன 'பெத்தவங்க' மட்டும் கொஞ்சம் வழுக்கும். மரியாதைக்கு ஒருவரையும் அப்படிச் சொல்வோம். அதை அவரிடம் நான் சொல்லவில்லை. வழக்கு நிற்காது என்று மட்டும் சொல்லி அனுப்பினேன்.

எனக்கு உறைத்திருக்க வேண்டியது வேறு. அதே சட்டத்தின் பதினோராவது அட்டவணை, ஒருமை பன்மையையும் ஆண்பால் பெண்பாலையும் உள்ளடக்கும் என்கிறது. 12(4)-இல் 'பேரண்ட்' என்பதற்கு முன்னால் 'ஹிஸ்' நிற்கிறது. அதற்குள் பெண்பிள்ளை அடக்கம் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. பக்கத்துச் சொல்லுக்கு மட்டும் அந்தத் தாராளம் கிடைக்கவில்லை.

ஈப்போ பாலர்பள்ளி ஆசிரியை இந்திரா காந்தி விடவில்லை. 2009-இல் கணவர் அவருடைய 3 பிள்ளைகளையும் மதம் மாற்றியிருந்தார். 2013-இல் உயர்நீதிமன்றத்தில் வெற்றி, 2015-இல் மேல்முறையீட்டில் தோல்வி. 2018 ஜனவரி 29-இல் கூட்டரசு நீதிமன்றத்தின் 5 நீதிபதிகளும் ஒருமனதாக, இருவர் சம்மதமும் வேண்டும் என்றார்கள். தீர்ப்பை எழுதியவர் நீதிபதி சைனுன் அலி. அந்த விதியை எழுத்துக்கு எழுத்து படித்தால், தாய் ஒரு பக்கமும் தந்தை ஒரு பக்கமுமாகப் பிள்ளையை மாற்றி மாற்றி இழுக்கலாம். சட்டம் இயற்றியவர்கள் அதையா நினைத்திருப்பார்கள்? அன்றைக்கும் இந்திராவின் கடைசி மகள் அவரிடம் இல்லை.

அன்று சாயங்காலம் பழைய கோப்பைத் தேடி எடுத்தேன். சூரா பெரானாக் நகலில் பிறந்த தேதியைப் பார்த்து விரல்விட்டு எண்ணினேன். சுங்கை பூலோ பிள்ளைக்குப் பத்தொன்பது ஆகியிருந்தது.