பொன்முடி ஏறிய பழைய வேன்

கையில் பணம் குறைவாகவும் வீட்டில் தலைகள் அதிகமாகவும் உள்ள குடும்பஸ்தன் வண்டி வாங்கப் புறப்பட்டால், அவனுக்கு அறிவுரை கூறாதவர் ஊரில் ஒருவரும் இரார். அவ்வாறு கேட்டுக் கேட்டுச் செவி சலித்தவன் நான். ஆயினும் சென்ற ஆண்டு நான் பெற்ற ஓர் அனுபவம் நம் சங்கத்து அன்பர்களுக்குப் பயன்படக்கூடும் என்று தோன்றுவதால், நானும் அறிவுரையாளர் கூட்டத்தில் சேரத் துணிகிறேன்.

நாங்கள் நெடுமங்காட்டில் குடியேறி 20 ஆண்டுகள் ஆகின்றன. தாயார், மாமியார், மனைவி, மூன்று குழந்தைகள், நான் என வீட்டில் ஏழு பேர். என் தாயார் பிறந்தது பொன்முடி மலையில், ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில். அவருடைய பெற்றோர் திருநெல்வேலிச் சீமையிலிருந்து கொழுந்து பறிக்க வந்தவர்கள். கல்யாணமாகி மலையிறங்கிய தாயார் பின்பு ஒருமுறையும் அதில் ஏறவில்லை. "கண் மூடுமுன் அந்த லயத்தை ஒரு தரம் பார்த்துவிட வேண்டும் மக்களே" என்று அடிக்கடி சொல்லுவார். பஸ் போகிறது, ஆனால் 22 கொண்டை ஊசி வளைவுகளைப் பஸ்ஸில் கடக்க அவருடைய முழங்கால்கள் இடந்தரா. ஆகவே வண்டி ஒன்று வாங்குவதென முடிவு செய்தோம்.

ஏழு பேருக்கும் இடமளித்து, விலையிலும் எங்களுக்கு எட்டுவது பழைய மாருதி ஆம்னி வேன் ஒன்றே. 1984-ல் வெளிவந்த அவ்வண்டியின் உற்பத்தி, பாதுகாப்பு விதிகள் கடுமையானதை ஒட்டி 2019-ல் நின்றுவிட்டது. இதை வாங்குவோர் மறத்தலாகாது. காற்றுப்பை முதலிய இக்காலத்துக் காவல்கள் அதில் இல்லை. முன் இருக்கைகளின் அடியிலேயே எஞ்சின் அமர்ந்திருக்கிறது. மூக்கோ மிகக் குட்டை. வேகத்தை அடக்குவதும், இருக்கைப் பட்டையை அணிவதுமே அதற்குரிய காவல்கள்.

நாகர்கோவிலில் டி.என்.74 எண்ணுடைய வேன் ஒன்று 25,000 ரூபாய் குறைத்துக் கிடைத்தது. மனம் அங்கே தாவியது. ஆனால் வேற்று மாநில வண்டியை 12 மாதங்களுக்கு மேல் இங்கே வைத்திருந்தால் புதிய பதிவெண் பெறுதல் வேண்டும். அதற்கு அங்குள்ள அலுவலகத்தின் தடையின்மைச் சான்று வேண்டும். இங்கே வரியும் செலுத்த வேண்டும். கூட்டிப் பார்த்ததில் மலிவு கரைந்து போயிற்று. எனவே 2014-ல் இங்கேயே பதிவான, எட்டுப் பேர் அமரும் வேன் ஒன்றை 1,70,000 ரூபாய்க்கு வாங்கினேன். பதிவுச் சான்றிதழில் கடன் குறிப்பு உண்டா, இன்ஷூரன்ஸ் நடப்பில் உள்ளதா, அபராத நிலுவை உண்டா என்பவற்றைப் பரிவாகன் தளத்தில் பார்த்துக்கொண்டேன். சொந்த வண்டியின் பதிவு 15 ஆண்டுகள் செல்லும். ஆகவே இவ்வண்டிக்கு 2029 வரை கவலையில்லை. அதன்பின் பரிசோதனைக்குக் காட்டி, ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்க வேண்டும்.

இதுவரை நான் கெட்டிக்காரன். இனி என் மூடத்தனத்தைக் கேளுங்கள்.

வண்டியைப் பார்வையிட்ட ஒர்க்‌ஷாப் ஆசான், "எஞ்சின் நல்லது. ஆனால் பிரேக் ஆயில் மாற்றி எத்தனை காலமாயிற்றோ தெரியவில்லை, பேடுகளும் தேய்ந்திருக்கின்றன. முதலில் அதைச் செய்யுங்கள். 4,000 ரூபாய் ஆகும்" என்றார். விற்றவரோ, எல்லாம் அண்மையில் மாற்றியதே என்று சாதித்தார். செலவில்லாத சொல்லையே மனம் நம்பிற்று. பிரேக் வேலையை அடுத்த மாதத்துக்குத் தள்ளிவிட்டு, 9,000 ரூபாயில் இருக்கை உறைகளும் பாட்டுப் பெட்டியும் போட்டேன். வீட்டார் மகிழ்ந்தனர், நானும் மகிழ்ந்தேன்.

அடுத்த ஞாயிறு விதுரை, கல்லாறு வழியாக மலையேறினோம். பனிமூட்டத்தினூடே லய வரிசையைக் கண்டதும், தாயார் சுவரைத் தொட்டுக்கொண்டு நெடுநேரம் பேசாது நின்றார். அந்த ஒரு கணத்துக்கே கொடுத்த பணம் தகும் என்று நினைத்தேன்.

இறங்கும்போதுதான் வந்தது வினை. பெட்ரோலை மிச்சம் பிடிப்பதாக எண்ணி, உயர்ந்த கியரில் விட்டு, வளைவுதோறும் பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தேன். பாதி வழியில், "மக்களே, ஏதோ கருகுகிற வாடை வருகிறதே" என்றார் தாயார். அடுத்த வளைவில் மிதித்தேன். பெடல் பஞ்சுபோல் உள்ளே போயிற்று. வண்டி நிற்கவில்லை. பின்னால் ஆறு உயிர்கள். எப்படியோ இரண்டாம் கியருக்கும், பிறகு முதல் கியருக்கும் மாற்றி, கைப் பிரேக்கைச் சிறிது சிறிதாக இழுத்து, மலைச்சுவரின் ஓரமாக ஒதுக்கி நிறுத்தினேன். கைகள் நடுங்கின. குழந்தைகள் அழவுமில்லை, அதுவே எனக்கு அதிக அச்சமாயிருந்தது.

பின்னால் வந்த பஸ்ஸின் ஓட்டுநர் இறங்கி வந்து பார்த்தார். "சக்கரத்தில் தண்ணீர் ஊற்றாதீர்கள், தானே ஆறட்டும். எந்த கியரில் ஏறினீர்களோ அந்த கியரிலேயே இறங்க வேண்டும்" என்று கூறிச் சென்றார். ஒரு மணி நேரம் காத்திருந்து, முதல் கியரிலேயே ஊர்ந்து கல்லாறு சேர்ந்தோம்.

மறுநாள் ஆசான் எடுத்துக் காட்டிய பிரேக் ஆயில் தேயிலைச் சாயம்போல் கறுத்திருந்தது. காரணத்தையும் அவரே விளக்கினார். மலைமேல் ஏற்றிய பாரம் முழுவதையும் பிரேக்கினால் மட்டும் தாங்கி இறக்கினால் அத்தனையும் வெப்பமாகிறது. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை நாளடைவில் உறிஞ்சும் தன்மையது. ஈரம் சேர்ந்த ஆயில் சீக்கிரம் கொதித்து ஆவிக் குமிழிகளாகிறது. குமிழி அமுங்குமேயன்றி, மிதியின் பலத்தைச் சக்கரத்துக்குச் செலுத்தாது. ஆகவே இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையேனும் அதை மாற்றுதல் வேண்டும். தாழ்ந்த கியரில் இறங்கினாலோ, எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்கிறது.

அன்று ஒன்று தெளிந்தேன். பழைய வண்டிக்கு விலை இரண்டு. ஒன்று விற்பவருக்கு ஒருநாளில் கொடுப்பது. மற்றொன்று வண்டிக்கே மாதந்தோறும் கொடுப்பது. இரண்டாவதைக் கொடுக்க இயலாதவன் முதலாவதையும் கொடாதிருப்பதே நன்று. இப்பொழுது மாதம் 2,000 ரூபாயை வண்டிக்கென்று தனியே ஒதுக்குகிறோம். என் மூத்த மகள் ஒரு நோட்டில் கணக்கு எழுதுகிறாள்: எஞ்சின் ஆயில், கூலண்ட், டைமிங் பெல்ட், பேடு, டயர் எவை எந்தத் தேதியில் மாற்றப்பட்டன என்று. டயரின் பக்கத்தில் அச்சிட்டிருக்கும் நான்கு இலக்கங்களில் முன்னிரண்டு வாரத்தையும் பின்னிரண்டு ஆண்டையும் குறிப்பதை அவளே எனக்குக் கற்பித்தாள். முன் இருக்கையைத் தூக்கி எஞ்சினைப் பார்ப்பது எங்கள் ஞாயிற்றுக்கிழமைக் கடமை.

எல்லாம் செய்த பின்பும் தாயார் வேனில் ஏற மறுத்தார். நான் வற்புறுத்தவில்லை. மூன்று மாதம் கழித்து, நோட்டை வாங்கி ஒவ்வொரு பக்கமாகப் புரட்டிப் பார்த்தவர், "சரி, போகலாம்" என்றார்.

மறுபடியும் பொன்முடிக்குச் சென்றோம். திரும்பும்போது இரண்டாம் கியரில் மெல்ல இறங்கினேன். ஏழாவது, எட்டாவது வளைவு தாண்டியிருக்கும். பின்னால் பேச்சரவம் இல்லை. கண்ணாடியில் பார்த்தேன். தாயார் தூங்கிக்கொண்டிருந்தார்.