துறை திறந்துளதா?

கணிப்பொறியிற் கட்டளை வரியாக எழுதி ஏவத்தக்க சிறு கருவிகளுள் நெட்கேட் என்பது ஒன்று. 'என்.சி.' என்னும் ஈரெழுத்தே அதனை அழைக்கும் பெயர். வலையிற் தொலைவிலுள்ள ஒரு பொறியின் முகவரியையும் துறையெண் ஒன்றையும் கூறினால், அங்குச் சென்று கதவைத் தட்டி, நிகழ்ந்ததை வந்துரைக்கும். பொறிக்கு முகவரி ஒன்றேயாயினும் அதன்கண் நிகழும் தொழில்கள் பலவாதலின், அவற்றைப் பிரித்தறிய 0 முதல் 65535 வரை எண்கள் வகுத்துள்ளனர். ஆங்கிலத்திற் போர்ட் எனப்படும் இதனைத் துறையென மொழிபெயர்த்தோர் நன்றே செய்தனர் என்பது எம் கருத்து. ஆற்றில் இறங்குமிடமும் துறை. மரக்கலம் அணையுமிடமும் துறை. அகப்பாட்டின் பிரிவும் துறை. இத்துணைப் பொருள் தாங்கிய சொல் இன்னும் ஒன்றைத் தாங்காதோ?

வலைப்பக்கங்களுக்கு 80, 443, அஞ்சலுக்கு 25, தொலைவிலிருந்து ஒரு பொறியைப் பாதுகாப்பாக இயக்க உதவும் எஸ்.எஸ்.எச். என்பதற்கு 22. இவ்விறுதி எண்ணின் வரலாறு இனிது. 1995இல் எஸ்.எஸ்.எச்.சை இயற்றிய பின்லாந்து நாட்டு டாட்டு யிலோனென், 21 எஃப்.டி.பி.க்கும் 23 டெல்நெட்டுக்கும் உரியனவாக, இடையில் வெறிதே கிடந்த 22ஐக் கடிதமெழுதிக் கேட்டுப் பெற்றார். அவ்வாண்டே நெட்கேட்டும் வெளிவந்தது. அதனை இயற்றியவர் தம்மை ஹாபிட் என்னும் புனைபெயராலேயே அறிவித்துக்கொண்டார்.

தட்டிய துறையினின்று வரும் விடை மூவகைத்து. டி.சி.பி. முறையில் நம் பொறி 'பேசலாமா?' எனச் சிறு பொதி ஒன்றை விடுக்கும். 'பேசலாம்' என எதிர்ப்பொதி வருமாயின் துறை திறந்துளது. ஆங்குக் கேட்பார் இலராயின், 'இணைப்பு மறுக்கப்பட்டது' என்னும் விடை நொடியில் வரும். மூன்றாவது, யாதொரு விடையும் வாராமை. ஃபயர்வால் என்னும் இடைக்காவல் பொதியை விழுங்கிற்றோ, பொறியே அணைந்து கிடக்கின்றதோ, அறிதல் அரிது. மறுப்பினும் மௌனமே கொடிது என்பதனைச் சென்ற பருவத்திற் கண்கூடாகக் கண்டோம்.

எம் வகுப்பினர் பதினொருவர் ஒரு பருவம் முழுவதும் உழைத்துத் தொகுத்த சொல்லடைவு, தமிழ்ப் பிரிவின் அறையிலுள்ள பொறியொன்றில் இருந்தது. ஒப்படைக்கும் நாளுக்கு முன்னிரவு, விடுதியிலிருந்து 22ஐத் தட்டினோம், ஓசையில்லை. பொறி பழுதுற்றது, உழைப்பெல்லாம் பாழ் என்று நண்பரொருவர் கண்கலங்கினார். பின்னர் அப்பொறியின் 80ஐத் தட்டினோம். உடனே மறுப்பு வந்தது! 'மாட்டேன்' என்னும் சொற்கேட்டு யாம் அவ்வாறு மகிழ்ந்தது அன்றொரு நாளே. மறுப்பதற்கேனும் ஆங்கு ஒருவர் உயிரோடிருத்தல் வேண்டுமன்றோ? ஆயினும், இடைக்காவல் சில தாமே மறுப்பு விடுத்தலும் உண்டாதலின், ஐயம் முற்றும் நீங்கவில்லை. ஒருவரும் நன்கு உறங்கவுமில்லை. விடியலில் அவ்வறைக்கே சென்று, அருகிருந்த வேறொரு பொறியினின்று தட்ட, 22 திறந்தது. விடுதிக்கும் அவ்வறைக்கும் இடையிலுள்ள காவலில் எவரோ ஒரு விதியை மாற்றியிருந்தனர். மூன்று விடைகளையும் ஒரு தாளில் எழுதிக் காட்டியவுடன், வலையைப் பேணுவார் மறுசொல்லின்றித் திருத்தினார். 'வலை இயங்கவில்லை' என்று மட்டும் முறையிட்டிருப்பின் அவர்தாம் எங்குச் சென்று தேடுவார்?

இக்கருவி கூறுவது கதவு திறந்துளது என்பதே; உள்ளிருப்பவர் நாம் தேடி வந்தவர்தாமா என்று கூறாது. யூ.டி.பி. முறையிலோ முதற்கண் வினவி விடைபெறும் வழக்கமே இன்மையின், மௌனத்தையும் திறப்பெனக் கூறிவிடும், அதனை நம்பற்க. பிறர் பொறியின் துறைகளை அவரிசைவின்றி வரிசையாகத் தட்டிப் பார்த்தலும் தகாது. விண்டோஸ் உடையார்க்கு நெட்கேட் உடன்வருவதில்லை. டெல்நெட்டும் 2007இல் வந்த விஸ்டா முதல் நாமே வேண்டி நிறுவினாலன்றிக் கிடைப்பதில்லை. அன்னார் பவர்ஷெல்லில் டெஸ்ட்-நெட்கனெக்ஷன் என்னும் கட்டளையைக் கொள்க. பெயர் நீளமே, வேலை அதுவே.