ராஜ்கிருக்கு ஒரு மேட்ச் பார்க்க

ஒரகடம் கம்பெனி பஸ்கள் சாயங்காலம் சிங்கப்பெருமாள் கோவில் ஜங்ஷனில் ஆட்களை இறக்கிவிடும்போது அரைத் தெருவே இந்தி பேசும். எங்கள் மாடி போர்ஷனில் இருக்கும் பையனும் அப்படி வந்தவன்தான், பீகாரின் நாளந்தா மாவட்டத்துக்காரன். தண்ணீர் மோட்டார் போடச் சொல்ல இறங்கி வந்த ஒருநாள் அவன்தான் சொன்னான்: "ஆன்ட்டி, எங்க ஊர் பக்கம் ராஜ்கிர்ல ஹாக்கி நடக்குது. இந்தியா லேடீஸ் டீம் வருது."

2024 நவம்பர் 11 முதல் 20 வரை பெண்கள் ஆசிய சாம்பியன்ஸ் டிராபி. இந்தியா, சீனா, ஜப்பான், தென் கொரியா, மலேசியா, தாய்லாந்து என ஆறு அணிகள். சத் பூஜைக்குக்கூட லீவ் கிடைக்காமல் மாடியில் அடைந்து கிடந்தவன் இதைச் சொன்னபோது, நான் போகலாமே என்று தோன்றியது. தங்கை மகளையும் இழுத்துக்கொண்டேன். பள்ளி அணியின் கோல்கீப்பர் அவள். லீவ் லெட்டரில் காய்ச்சல் என்று எழுதியது என் கைங்கரியம்.

நான் ஆடியது எண்பதுகளின் கடைசியில், மண் தரையில். வெள்ளைப் பந்து பத்து நிமிடத்தில் செம்மண் நிறமாகிவிடும். கல்லில் பட்டால் எந்தப் பக்கம் எகிறும் என்பது பெருமாளுக்கே வெளிச்சம். ஸ்டிக் விரிசல் விட்டால் சைக்கிள் ட்யூபை வெட்டி இறுகச் சுற்றுவோம். 1976 மான்ட்ரியால் ஒலிம்பிக்கிலேயே செயற்கைத் தரை வந்துவிட்டது என்பது எங்களுக்குத் தெரியாது; தெரிந்தும் ஒன்றும் ஆகியிருக்காது.

ரயிலில் இரண்டு இரவு. சத் பூஜை முடிந்திருந்ததால் எங்கள் பெட்டியில் காலை நீட்ட இடம் இருந்தது. எதிரே தெற்கு நோக்கி வந்த ரயில்களில்தான் கதவு வரை ஆள். தானாபூரில் இறங்கி, ஏறக்குறைய நூறு கிலோமீட்டர் பஸ்ஸில் போனால் ராஜ்கிர். ஊரைச் சுற்றிலும் மலை. புத்தர் உலவிய ஊர், மகத அரசர்களின் பழைய தலைநகரம். ஊற்றில் சுடுதண்ணீர் கொட்டுகிறது. நவம்பர் குளிரில் அங்கே குளிக்க இறங்கியவர்கள் லேசில் ஏறுவதாக இல்லை.

இறுதிப் போட்டி அன்று காலை நாளந்தா போனோம். செங்கல் சுவர்களுக்கு நடுவே நடக்கும்போது, காஞ்சிபுரத்திலிருந்து வந்த தர்மபாலர் இங்கே தலைமை ஆசானாக இருந்தார் என்று யுவான் சுவாங் எழுதி வைத்திருப்பதைச் சொன்னேன். "காஞ்சிபுரமா? நம்ம செங்கல்பட்டுலேர்ந்து பஸ் போகுமே, அந்தக் காஞ்சிபுரமா?" என்றாள். அதேதான். அவருக்கு பஸ் கிடையாது, அவ்வளவுதான்.

மைதானத்தின் நீலத் தரையைப் பார்த்ததும் எனக்குப் பேச்சு வரவில்லை. ஆட்டத்துக்கு முன்னால் அதற்குத் தண்ணீர் பீய்ச்சுகிறார்கள். எங்கள் ஊரில் தெருக்குழாயில் அவ்வளவு தண்ணீர் வந்தால் சண்டையே இருக்காது. தண்ணீர் இருந்தால்தான் பந்து வழுக்கிக்கொண்டு ஓடும், விழுந்து சறுக்கினாலும் தோல் அவ்வளவாக உரியாது.

இந்தியா அதுவரை ஒன்றிலும் தோற்கவில்லை. தாய்லாந்தை 13-0 என்று நசுக்கியிருந்தது. அதில் ஐந்து கோல் ஹரியானாவின் தீபிகா அடித்தவை. கொரியாவிடம் மட்டும் 3-2 என்று மூச்சு வாங்கியது. எதிரே நின்ற சீனா பாரிஸ் ஒலிம்பிக்கில் வெள்ளி வென்ற அணி.

முதல் பாதியில் கோல் இல்லை. 31-ஆம் நிமிடம் பெனால்டி கார்னர். முதல் அடியைத் தடுத்துவிட்டார்கள் என்று நான் உட்காரப் போகும்போதே தீபிகா ஸ்டிக்கைத் திருப்பி ரிவர்ஸில் விளாசிவிட்டார். கேலரி கத்திய கத்தலில் பக்கத்திலிருந்த பாட்டியின் போர்வை என் தலையில் வந்து விழுந்தது.

42-ஆம் நிமிடம் பெனால்டி ஸ்ட்ரோக். மறுபடியும் தீபிகா. சீன கோல்கீப்பர் பாய்ந்து தடுத்துவிட்டார். ஊரே உச்சுக் கொட்டியது. எங்கள் வரிசையில் ஒரே ஒருத்தி மட்டும் துள்ளிக் குதித்துக் கைதட்டினாள். முன்னால் இருந்தவர் திரும்பி முறைத்தார். "என்னடி?" என்றேன். "பெரியம்மா, எப்படிப் பாஞ்சா பாத்தீங்களா?" அவளுக்கு அந்த நிமிடம் சீனாவும் இல்லை, இந்தியாவும் இல்லை. நானும் தட்டினேன், கொஞ்சம் மெதுவாக.

1-0. கோப்பை வாங்கிய கேப்டன் சலிமா டேட்டே ஜார்க்கண்டின் சிம்டேகாக்காரர். அணியில் இருந்த சங்கீதா குமாரியும் பியூட்டி டுங்டுங்கும் அதே மாவட்டம். ஜெயித்த அணிக்கு ஆட்டையே பரிசாகக் கொடுக்கும் கிராமத்துப் போட்டிகள் அங்கே உண்டு. மணிப்பூர், மிசோரம், ஒடிசா என்று மற்றவர்களும் பெரிய நகரத்துப் பிள்ளைகள் இல்லை. தமிழ்நாட்டுப் பெண் ஒருத்தியும் அந்த அணியில் இல்லை. ஆண்களில் நமக்குக் கோவில்பட்டி மாரீஸ்வரன் உண்டு, அரியலூர் கார்த்தி உண்டு. நான் ஆடிய மைதானத்திலோ இப்போது மனை போட்டு விற்றுவிட்டார்கள். இதை நினைத்து முணுமுணுத்துக்கொண்டே வந்தேன். இவள் காதில் வாங்கவில்லை. போனில் அந்தத் தடுப்பையே திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

திரும்பும் வழியில் சிலாவில் காஜா வாங்கினோம். மடிப்பு மடிப்பாக இருக்கும் இனிப்பு, கைபட்டாலே உதிரும். இரண்டு இரவு ரயில், பிறகு செங்கல்பட்டு லோக்கலின் நெரிசல். சிங்கப்பெருமாள் கோவிலில் இறங்கியபோது டப்பாவில் பாதி தூள்தான். வெட்கத்தோடு மாடிக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

ஸ்கோரை அவன் கேட்கவில்லை, போனிலேயே பார்த்திருப்பான். தூளை உள்ளங்கையில் கொட்டி வாயில் போட்டுக்கொண்டான்.

"சிலாவ்தானே ஆன்ட்டி? பஸ்ஸுக்கு வலது பக்கக் கடையா, இடது பக்கக் கடையா?"