ஹத்தின்: ஆட்கள் இல்லாத ஒரு கிராமம்

பெலாரஸ் தலைநகர் மின்ஸ்கிலிருந்து வடக்கே சுமார் 50 கிலோமீட்டர் போனால், காட்டுக்கு நடுவே ஒரு வெட்டவெளி வரும். ஹத்தின் என்ற கிராமம் இருந்த இடம் அது. மொத்தமே 26 வீடுகள்தான். இப்போது யாரும் அங்கே குடியில்லை.

1943 மார்ச் 22 காலையில், பக்கத்துச் சாலையில் சோவியத் கெரில்லாக்கள் ஜெர்மன் தரப்பு வாகனங்களைத் தாக்கினார்கள். செத்தவர்களில் ஒருவர் ஹான்ஸ் வோல்கே. 1936 பெர்லின் ஒலிம்பிக்கில் குண்டு எறிதலில் தங்கம் வாங்கியவர்! அதற்குப் பழியாக அன்றே ஊர் மக்களை ஒரு தானியக் கொட்டகையில் அடைத்துத் தீ வைத்தார்கள். தப்பி ஓடியவர்களைச் சுட்டார்கள். இறந்தவர்கள் 149 பேர், அதில் 75 பேர் குழந்தைகள்.

1969-ல் இங்கே நினைவிடம் திறந்தார்கள். வீடு இருந்த ஒவ்வொரு இடத்திலும் புகைபோக்கி வடிவத்தில் ஒரு தூண், அதில் ஒரு மணி. 30 விநாடிக்கு ஒருமுறை அவை ஒலிக்கும். இதேபோல எரிக்கப்பட்டு, திரும்ப எழும்பாத 185 கிராமங்களின் மண்ணும் அங்கேயே வைக்கப்பட்டிருக்கிறது.

சரி, யார் செய்தது? ஜெர்மன் தளபதி டிர்லேவாங்கரின் எஸ்.எஸ். படையும், ஜெர்மானியர் அமைத்த 118-வது துணைக் காவல் பட்டாலியனும். இந்தப் பட்டாலியனில் பெரும்பாலோர் உக்ரைனியர்கள். முன்பு சோவியத் ராணுவத்தில் இருந்தவர்களும் அதில் உண்டு. அதன் அதிகாரி வசியுரா, போருக்குப் பின் பல வருஷம் உக்ரைனில் சாதாரணமாக வாழ்ந்தார். 1986-ல்தான் மின்ஸ்கில் இந்தக் குற்றத்துக்காக அவர்மேல் விசாரணை நடந்து, மரண தண்டனை கிடைத்தது. ஆனால் சோவியத் பத்திரிகைகளில் அது பெரிதாக வரவில்லை.

நினைவிடத்துக்குப் பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டிப் போனவர்கள், கொளுத்திய கைகளில் சில தங்கள் நாட்டுக் கைகள் என்பதை மட்டும் பல வருஷம் சொல்லவே இல்லை.