உண்ணக் கொடுங்கள்



யவீருவின் மகளை உயிரோடு எழுப்பிய ஆண்டவர், அவளுக்கு உண்ணக் கொடுக்கும்படியும் கட்டளையிட்டார். இதைப் பலமுறை பிரசங்கித்த நான், கைக்கொள்ளத் தவறினேன்.

நம் சபையின் முதிய தாயார் ஒருவர், தீராத சோர்வு நீங்க ஜெபிக்கக் கேட்டார். மாதக்கணக்கில் ஜெபித்தேன், என்ன உண்கிறார் என்று கேட்கவில்லை. ஒருநாள் கேட்டபோது, "தனியொருத்திக்கு என்ன சமையல், ஐயா? சோறும் ரசமும் ஊறுகாயும் போதும்" என்றார். தலைகுனிந்தேன்.

சோறு ஆற்றல் தரும். ஆனால் உடலை வளர்ப்பவை பருப்பும் மீனும் முட்டையும் பாலும். நோயினின்று காப்பவை கீரையும் காயும் கனியும். ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டி, நாளொன்றுக்கு 400 கிராம் காய்கறியும் 100 கிராம் பழமும் வேண்டும் என்கிறது. அதாவது, தட்டில் ஏறத்தாழப் பாதி. விலையுயர்ந்தவை தேவையில்லை, நம் பெரிய மார்க்கெட்டில் கிடைக்கும் முருங்கைக்கீரையும் கொய்யாவும் மத்தி மீனும் போதும்.

தனித்து உண்போர் உங்கள் தெருவிலும் உண்டு. இவ்வாரம் உங்கள் வீட்டுக் கீரைக் கூட்டில் ஒரு கிண்ணம் அவர்களுக்காக எடுத்து வையுங்கள். முடிந்தால் உடன் அமர்ந்து உண்ணுங்கள். அதன்பின் ஜெபியுங்கள்.