அவரவர் சொன்னதை அவரவர் பெயரில்

தமிழ் விக்கிப்பீடியாவில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பக்கத்தைக் கவனித்து வருபவருக்கு ஓயாத வேலை தருவது நிறுவப்பட்ட ஆண்டுதான். ஒருவர் 1921 என்று மாற்றுவார், இன்னொருவர் 1979 என்பார், வேறொருவர் 1974 என்று திருத்துவார். மூவரிடமும் நியாயம் உண்டு. சேர் பொன்னம்பலம் இராமநாதன் திருநெல்வேலியில் பரமேஸ்வராக் கல்லூரியைத் தொடங்கியது 1921இல். அந்த மண்ணில்தான் 1974 ஒக்டோபரில் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் யாழ்ப்பாண வளாகம் திறக்கப்பட்டது. கைலாசபதி அதன் முதல் தலைவர். 1979 ஜனவரி 1 முதல் தனிப் பல்கலைக்கழகம்; வித்தியானந்தன் முதல் துணைவேந்தர். நான் தகவற்பெட்டியில் 1974ஐ வைப்பேன். 1921இன் பெருமை கல்லூரிக்கு உரியது. மூன்று ஆண்டுகளும் வரலாற்றுப் பகுதியில் அதனதன் சான்றோடு நின்றால் வாசகரே முடிவு செய்துகொள்வார்.

ஊர்ப்பற்று இன்னொரு சோதனை. கரம்பொன்னில் பிறந்த தனிநாயகம் அடிகளை அந்தப் பக்கத்துப் பேராசிரியர் வரிசையில் ஒரு தம்பி சேர்த்திருந்தார். நான் நீக்கினேன். குறிகட்டுவான் இறங்குதுறையில் என்னைப் பிடித்துக்கொண்டார். “அண்ணை, எங்கட ஊர் ஆள். ஏன் எடுத்தனீங்கள்?” உலகத் தமிழாராய்ச்சி மன்றம் உருவாக முன்னின்றவரின் பெயரை நீக்க எனக்கும் மனம் வரவில்லைத்தான். ஆனால் அவர் துறைத்தலைவராக இருந்தது மலாயாப் பல்கலைக்கழகத்தில். “அவற்ற பக்கத்திலயும் கரம்பொன் பக்கத்திலயும் எழுதுங்கோ தம்பி, சான்றோட” என்றேன். நயினாதீவுப் படகு வரும்வரை எந்த நூலில் எது இருக்கிறது என்றே பேசிக்கொண்டிருந்தோம்.

பல்கலைக்கழகத்தின் சொந்த இணையத்தளம் பீடங்களின் பெயருக்கும் திகதிக்கும் சான்றாகும். “தலைசிறந்த” என்ற புகழுக்கு ஆகாது. காலம் குறிக்காமல் எழுதிய வரியும் ஆபத்து. 2021 ஓகஸ்ட் 1இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வவுனியா வளாகம் தனிப் பல்கலைக்கழகமானபோது அப்படி எழுதிய வரிகள் ஒரே நாளில் பிழையாகிவிட்டன.

நடுநிலை உண்மையில் கனப்பது அதே ஆண்டு ஜனவரி 8ஆம் திகதி இரவை எழுதும்போது. போரில் இறந்தவர்களுக்காக வளாகத்துக்குள் இருந்த முள்ளிவாய்க்கால் நினைவுத்தூபி அன்று இடிக்கப்பட்டது. மாணவர்கள் உண்ணாவிரதம் இருந்தார்கள். 11ஆம் திகதி துணைவேந்தரே மீண்டும் அடிக்கல் நாட்டினார். ஏப்ரலில் புதிய தூபி திறக்கப்பட்டது. எனக்கும் அந்தக் கோபம் உண்டு, இன்றும் ஆறவில்லை. ஆனால் கோபத்தை வரியாக எழுதினால் அடுத்தவர் அதை ஒரு சொடுக்கில் நீக்கிவிடுவார். அனுமதியில்லாத கட்டுமானம் என்று நிர்வாகத் தரப்பு சொன்னதையும், இறந்தவர்களின் நினைவை அழித்தார்கள் என்று மாணவர்கள் சொன்னதையும் அவரவர் பெயரில், பத்திரிகையும் திகதியும் காட்டி எழுதினால், நீக்க வருபவர் பேச்சுப் பக்கத்தில் காரணம் சொல்லியாக வேண்டும். நடந்ததை நடந்தபடி நிற்க வைப்பது சான்றுதான். சான்று கேட்கும் விக்கிப்பீடியாவின் கண்டிப்பு எங்களுக்கு நல்லது என்று நான் நம்புவது அதனால்தான்.

சான்று கிடைப்பதுதான் பெரும்பாடு. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தது. தீவகத்தில் எத்தனையோ குடும்பங்கள் வீட்டைப் போட்டது போட்டபடி விட்டு இடம்பெயர்ந்தன. அலுமாரிக்குள் இருந்த மலர்களும் சஞ்சிகைகளும் அதோடு போயின. ஆனாலும் எல்லாம் போய்விடவில்லை. நெடுந்தீவிலோ புங்குடுதீவிலோ ஊர்காவற்றுறையிலோ, கனடாவில் உள்ள உங்கள் பிள்ளைகளின் வீட்டிலோ, பரமேஸ்வராக் கல்லூரி மலர், வளாக மாணவர் சஞ்சிகை, பட்டமளிப்பு விழா நூல் ஏதாவது கிடந்தால், நூலகம் நிறுவனத்திடம் கொடுத்து மின்வருடச் செய்யுங்கள். அட்டையையும் வெளியீட்டு ஆண்டு அச்சிட்ட பக்கத்தையும் கிழியாமல் பார்த்துக்கொள்ளுங்கள். எங்களுக்கு முதலில் வேண்டியவை அவைதான்.