அன்னை இட்ட பந்தி

பிள்ளைகள் வளர்ந்து, வேலையின் நிமித்தமும் திருமணத்தின் நிமித்தமும் திசைக்கொருவராய்ப் பிரிந்தபின், அன்னையரின் பயணம் தொடங்குகிறது. முறுக்கு டப்பாவும் ஊறுகாய்ச் சாடியும் வறுத்துப் பொடித்த மிளகாய்த்தூளும் அடங்கிய பையைச் சுமந்துகொண்டு, மூத்தவன் வீட்டில் ஒரு மாதம், இளையவள் வீட்டில் ஒரு மாதம் என்று பேருந்திலும் ரயிலிலும் செல்லும் தாய்மார் இல்லாத பங்கு நம் நாட்டில் ஏது? அத்தனை அலைச்சலுக்கும் அவர்கள் எதிர்பார்க்கும் கைம்மாறு சிறிதே. தம் கையால் சமைத்துப் பரிமாறி, பிள்ளைகளோடு அமர்ந்து ஒருவேளை உண்ண வேண்டும், அவ்வளவுதான்.

ஏறத்தாழ 1,600 ஆண்டுகளுக்கு முன் இப்பயணத்தை மேற்கொண்டவர் புனித மோனிக்கம்மாள். ஆகஸ்டு 27-ஆம் நாள் அவருடைய திருநாள். மறுநாள் அவருடைய மகன் புனித அகுஸ்தினாரின் திருநாள். அவர் சிந்திய கண்ணீரைப் பற்றி நாம் பல மறையுரைகளில் கேட்டிருக்கிறோம். அவர் பிள்ளைகளோடு உண்ட உணவைப் பற்றியும் மகன் எழுதி வைத்திருக்கிறார் என்பதைப் பலர் அறியார். அந்த அன்னையின் அடிச்சுவட்டில், ஆப்பிரிக்காவிலிருந்து இத்தாலி வரை நாமும் சற்று நடந்து பார்ப்போம்.

தாகஸ்தே: மூடிய பந்தி

ஆப்பிரிக்காவின் வடபகுதியில், அல்ஜீரியா நாட்டின் கிழக்கு எல்லைக்கு அருகில், மலைகள் சூழ்ந்த சூக் அஹ்ராஸ் என்னும் நகர் உள்ளது. அதுவே பண்டைய தாகஸ்தே. அங்கு 354-ஆம் ஆண்டு நவம்பர் 13-ஆம் நாள் அகுஸ்தினார் பிறந்தார். கார்த்தேஜ் நகருக்குப் படிக்கச் சென்ற மகன், மானிக்கேயத் தப்பறையைத் தழுவியவராய், ஆசிரியப் பணிக்கு ஊர் திரும்பினார். கைம்பெண்ணாகிவிட்ட தாய்க்கு அது பேரிடி. மகனோடு ஒரே வீட்டில் வாழவும் ஒரே மேசையில் உண்ணவும் அவர் மறுத்துவிட்டார். ஆம், பாசத்திற்கும் பொறுமைக்கும் இலக்கணமென நாம் போற்றும் அந்த அன்னைதான், பெற்ற மகனுக்குத் தம் பந்தியை மூடினார்!

ஆனால் அது மூடியபடியே இருந்துவிடவில்லை. ஒருநாள் அவர் கனவு கண்டார். மரத்தாலான அளவுகோல் ஒன்றின்மேல் அவர் அழுதுகொண்டு நிற்கிறார். ஒளி வீசும் இளைஞர் ஒருவர் தோன்றி, நீ நிற்கும் இடத்திலேயே உன் மகனும் நிற்பதைப் பார் என்கிறார். திரும்பிப் பார்த்தால், மகன் அருகில் நிற்கிறார். மோனிக்கம்மாள் ஆறுதலடைந்து, மகனை மீண்டும் வீட்டில் சேர்த்துக்கொண்டு, ஒரே மேசையில் உண்ணத் தொடங்கினார்.

இங்கே நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. அன்று மகன் மனந்திரும்பியிருக்கவில்லை. கனவு கண்ட பின்னும் ஏறக்குறைய ஒன்பது ஆண்டுகள் அவர் அதே தப்பறையில் உழன்றதாக அவரே தம் "வாக்குமூலங்கள்" நூலில் எழுதுகிறார். மகன் திருந்திய பிறகு தாய் சோறிடவில்லை. திருந்துவான் என்ற நம்பிக்கையில் சோறிட்டார்.

கார்த்தேஜ் கடற்கரை

துனிஸ் நகரை ஒட்டிய கடலோரத்தில் கார்த்தேஜின் இடிபாடுகளை இன்றும் காணலாம். 383-ஆம் ஆண்டு அகுஸ்தினார் ரோமைக்குப் புறப்பட்டபோது, தாய் துறைமுகம் வரை வந்து மகனைப் பற்றிக்கொண்டார். நண்பர் ஒருவரை வழியனுப்பும்வரை காத்திருப்பதாகப் பொய் சொல்லி, புனித சிப்ரியானின் நினைவாலயத்தில் தாயை இரவு தங்கச் செய்துவிட்டு, மகன் கப்பலேறிவிட்டார். விடிந்ததும் கரையில் நின்றவர் கதறி அழுதார். பிறகு வீடு திரும்பினார். வெளிநாட்டுக்குப் பிள்ளையை அனுப்பிவிட்டு வெறும் வீட்டுக்குத் திரும்பிய நம் அன்னையருக்கு, அந்தக் காலைப்பொழுதை நாம் விளக்க வேண்டியதில்லை.

மிலான்: கூடையோடு வந்த தாய்

ஈராண்டுகளுக்குள் அவரும் கடல் கடந்தார். வழியில் புயல் சீறியபோது, பயணிகளைத் தேற்ற வேண்டிய மாலுமிகளை இந்த மூதாட்டி தேற்றினாராம். மிலானில் மகனின் வீட்டை அடைந்தவர், ஊர் வழக்கப்படி கூழும் ரொட்டியும் திராட்சை இரசமும் கூடையில் எடுத்துக்கொண்டு வேதசாட்சிகளின் கல்லறைகளுக்குச் சென்றார். இவ்வழக்கத்தை ஆயர் அம்புரோசியார் தடை செய்துள்ளார் என்று வாயிற்காப்போன் நிறுத்தினான். குடிவெறிக்கு அது இடமளிக்கிறது, பிற சமயத்தாரின் நீத்தார் சடங்கை ஒத்திருக்கிறது என்பவை ஆயர் கருதிய காரணங்கள். மோனிக்கம்மாள் முணுமுணுக்காமல் பணிந்தார். கூடைக்குப் பதிலாகச் செபம் நிறைந்த நெஞ்சோடு கல்லறைகளுக்குச் சென்றார். இயன்றதை ஏழைகளுக்குக் கொடுத்தார்.

வேறொரு ஐயமும் அவரை வாட்டியது. சனிக்கிழமையன்று ரோமையில் நோன்பு இருந்தனர், மிலானில் உண்டனர். எதைப் பின்பற்றுவது? மகன் தாயின் பொருட்டு ஆயரிடம் சென்று கேட்டார். எந்தத் திருச்சபைக்குச் செல்கிறோமோ அதன் வழக்கத்தைக் கைக்கொள்வதே நலம் என்று அம்புரோசியார் தெளிவுபடுத்தினார். மகனின் ஊருக்குச் சென்ற தாய், அவ்வூரின் முறைக்கேற்பத் தம் சமையலையும் நோன்பையும் மாற்றிக்கொண்டார். மருமகளின் அடுக்களையில் நுழையும் ஒவ்வொரு மாமியாருக்கும் இதில் பாடம் இருக்கிறது அன்றோ?

கசிசியாக்கும்: பிறந்தநாள் விருந்து

386-ஆம் ஆண்டு மகன் மனந்திரும்பினார். அந்த இலையுதிர் காலத்தில், நண்பர் ஒருவர் உதவிய கசிசியாக்கும் என்னும் பண்ணை வீட்டில் தாயும் மக்களும் தங்கினர். மிலானுக்கு வடக்கேயுள்ள கஸ்ஸாகோ பிரியான்ஸா என்ற சிற்றூரும், வரேசே நகருக்கு அருகிலுள்ள கஷாகோ என்ற ஊரும் அப்பெருமைக்கு இன்றும் உரிமை கொண்டாடுகின்றன.

அங்கே வீட்டை நடத்தியவர் மோனிக்கம்மாளே. அகுஸ்தினார், அவருடைய சகோதரர் நவீஜியு, மகன் அதேயோதாத்து, உறவினர், மாணவர் என அவ்வில்லம் நிறைந்திருந்தது. ஒருநாள் தத்துவ விவாதம் முடிவின்றி நீண்டபோது, பேச இடம் கொடாமல் எல்லோரையும் சாப்பாட்டுக்குத் தள்ளிச் சென்றாராம் தாய். உலகம் போற்றும் ஞானிக்கும் "ஆறிப்போகிறது, வாருங்கள்" என்றழைக்க ஓர் அன்னை வேண்டியிருந்தது!

நவம்பர் 13-ஆம் நாள் மகனுக்கு 32-ஆம் பிறந்தநாள். சிந்தனையை மந்தமாக்காத எளிய உணவை உண்டபின், எல்லோரும் குளியலறை மண்டபத்தில் கூடிப் பேசினர். ஆன்மாவுக்கும் உணவு உண்டா என்று மகன் கேட்டார். உண்டு, அறிவே அதன் உணவு என்று தாய் விடை கூறினார். மாணவர் ஒருவர் ஐயுறவே, அன்னை அவரையே சான்றாகக் காட்டினார்: "இன்று சாப்பிடும்போது எந்தப் பாத்திரத்தில் உண்கிறோம் என்பதையே வெகுநேரம் கழித்துத்தான் கவனித்தாய், கையும் பல்லும் வேலை செய்தன, உன் மனம் எங்கே உண்டுகொண்டிருந்தது?" என்னும் கருத்துப்பட வினவினார். பரிமாறியபடியே ஒவ்வொரு முகத்தையும் பார்த்திருந்தவர்க்கன்றி இது யாருக்குத் தோன்றும்? மூன்று நாள் நடந்த அந்த உரையாடலே "இன்ப வாழ்வு" பற்றிய நூலாயிற்று.

387-ஆம் ஆண்டு பாஸ்கா இரவில் அம்புரோசியார் கையால் அகுஸ்தினார் திருமுழுக்குப் பெற்றார். மிலான் பேராலயத்தின் அடியில், அகழ்ந்து கண்ட எண்கோணத் திருமுழுக்குத் தொட்டியைத் திருப்பயணிகள் இன்றும் கண்டு வணங்குகின்றனர்.

ஓஸ்தியா: இறுதி வேண்டுகோள்

ரோமையிலிருந்து ரயிலேறினால் அரைமணி நேரத்தில் பண்டைய ஓஸ்தியாவை அடையலாம். தீபர் ஆற்றின் முகத்துவாரத்தில் இருந்த துறைமுகம் அது. வண்டல் படிந்து கடல் விலகிவிட்டது. ஊமத்தங்குடை போல் விரிந்த பைன் மரங்களின் நிழலில், செங்கல் சுவர்களும் கல் பாவிய தெருக்களும், உணவு விற்ற கடையின் பளிங்கு மேடையும் காட்சி தருகின்றன.

ஊர் திரும்பக் கப்பலுக்குக் காத்திருந்த தாயும் மகனும், இங்கேதான் ஒரு வீட்டின் தோட்டத்தைப் பார்த்த சாளரத்தில் சாய்ந்து, புனிதரின் நித்திய வாழ்வு எத்தகையது என்று பேசினர். சில நாளில் மோனிக்கம்மாளைக் காய்ச்சல் பற்றியது. சொந்த ஊரில் இறப்பதே மேல் என்று ஒரு மகன் சொன்னபோது, அவர் கடிந்து பார்த்தார். கணவரின் அருகே கல்லறை ஆயத்தம் செய்து வைத்திருந்தவர், இவ்வுடலை எங்கேனும் அடக்குங்கள், எங்கிருந்தாலும் ஆண்டவரின் பீடத்தில் என்னை நினைத்துக்கொள்ளுங்கள், அது போதும் என்றார். நோயின் ஒன்பதாம் நாள், தம் 56-ஆம் வயதில் கண்மூடினார்.

1945-ஆம் ஆண்டு, ஓஸ்தியாவின் புனித அவுரேயா ஆலயத்தருகே விளையாட்டுக் கம்பம் நடக் குழி தோண்டிய சிறுவர்கள், அவருடைய கல்லறைக் கல்வெட்டின் ஒரு பகுதியைக் கண்டெடுத்தனர். அவருடைய திருப்பண்டங்களோ 1430-ஆம் ஆண்டிலேயே ரோமைக்குக் கொண்டுவரப்பட்டு, புனித அகுஸ்தினார் ஆலயத்தில் வைக்கப்பட்டுள்ளன. மகனின் பெயர் தாங்கிய இல்லத்தில்தான் தாய் இன்றும் தங்கியிருக்கிறார்!

நம் இல்லங்களில்

அன்பு வாசகர்களே, வீடு சந்திப்புக்குச் செல்லும்போது, சில இல்லங்களில் ஒரு தட்டு ஆண்டுக்கணக்கில் கவிழ்ந்தே கிடப்பதை நாம் உணர்கிறோம். நம் விருப்பத்துக்கு மாறாக மணமுடித்த மகனுடையது அது. வேறு சமயத்தவரைக் கைப்பிடித்த மகளுடையது. ஆலயத்தை மறந்த பிள்ளையுடையது. கொள்கைக்காகவே விலக்கினோம் என்கிறார்கள் பெற்றோர். மோனிக்கம்மாளுக்கும் கொள்கை இருந்தது. அதை அவர் கடைசிவரை விட்டுக்கொடுக்கவில்லை. பந்தியைத் திறந்ததால் தப்பறைக்கு உடன்படவுமில்லை. ஒரே மேசையில் உண்டுகொண்டே மகனுக்காக அழுதார், செபித்தார், காத்திருந்தார்.

வளர்ந்த பிள்ளைகளுக்கும் ஒரு சொல். பையைச் சுமந்து அன்னை வரும் நாளில், கைப்பேசியைச் சற்றே அப்பால் வைத்துவிட்டு, அவள் இட்ட உணவை எந்தப் பாத்திரத்தில் உண்கிறோம் என்றாவது கவனித்து உண்ணுங்கள். அவளையும் அருகில் அமர்த்திக்கொள்ளுங்கள். பரிமாறிப் பரிமாறியே அவள் உணவு ஆறிப்போகிறது.

இத்திருநாள் வருமுன், கவிழ்ந்த அந்தத் தட்டை நிமிர்த்தி வைப்போமா? அழைப்பு ஒன்று அனுப்புவோமா? வீட்டுப் பந்தியில் இடம் பெற்ற பிள்ளை, ஒருநாள் ஆண்டவரின் பந்திக்கும் வழி அறிவான்.